இறுக்குங்க, செல்லம்

அந்த ஹாலுக்குள் நுழைந்தாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். மாடிப்படியிலேயே ரப்பர் பாயின் வாடை தொடங்கிவிடும். நேற்றைய வியர்வையின் மேல் எலுமிச்சை ஸ்ப்ரே அடித்தால் வியர்வை போய்விடுமா என்ன? எலுமிச்சை வியர்வை ஆகும், அவ்வளவுதான். போதாக்குறைக்கு மூன்று சுவரிலும் கண்ணாடி. பிள்ளை பெற்று நான்கு மாதமான வயிற்றை ஒரு பக்கம் பார்த்துச் சகிப்பதே பெரும்பாடு.

இந்த பிலாட்டீஸ் உடற்பயிற்சி வகுப்பை நடத்துவது வேறு யாருமல்ல, அவள் புருஷனின் அக்கா. இரண்டு பெற்றும் அண்ணியின் வயிறு பலகை மாதிரி இருக்கும். அந்தப் பலகையைக் காட்டித்தான் ஆள் சேர்ப்பதே. "அண்ணிகிட்டப் போ, மூணு மாசத்துல பழையபடி ஆயிடுவே" என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து பிடித்துத் தள்ளிவிட்டார்கள்.

பழைய வயிறு யாருக்கு வேண்டும்? அவளுக்கு வேண்டியது பழைய பலம். ஆம்புலன்ஸில் ஸ்ட்ரெச்சர் தூக்குகிறவள் அவள். லீவு முடிய இன்னும் இருபத்திரண்டு நாள். தூக்க முடியாவிட்டால் போன் எடுக்கும் மேஜையில் உட்கார வைத்துவிடுவார்கள். அங்கே போனவர்கள் மறுபடி வண்டி ஏறியதாகச் சரித்திரமே இல்லை. இவளுக்கோ குழந்தையைத் தூக்கினாலே உள்ளாடை நனைகிறது.

"செல்லங்களா, மல்லாந்து படுங்க. கால மடக்கி, தலையத் தூக்கி, வயித்த இறுக்குங்க! இறுக்கு, இறுக்கு, இன்னும் இறுக்கு!"

மூச்சைப் பிடித்து, பல்லைக் கடித்து, முகம் சிவக்க இறுக்கினாள். வயிற்றின் நடுவில் நீளமாக ஒரு மேடு புடைத்து எழுந்தது. கண்ணாடியில் அதைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அடுத்த நொடி தொடையிடுக்கில் சூடாக இறங்கி, பாயில் பரவியது.

அண்ணி பார்த்துவிட்டாள். "அய்யய்யோ, தண்ணி பாட்டில மூடாம வெச்சிட்டியா? தொடச்சிடு, தொடச்சிடு" என்று துண்டை எறிந்தாள்.

பாட்டில் ஜன்னலோரம் மூடி போட்டபடி நின்றுகொண்டிருந்தது. வகுப்பில் இருந்த மற்ற மூன்று பேரும், பேங்க்காரியும் டீச்சரும் பிள்ளை பெற்று ஐம்பது நாளே ஆன ஒரு சின்னப் பெண்ணும், மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்கள். அவள் தன் மூத்திரத்தைத் தானே தண்ணீர் என்று சொல்லித் துடைத்தாள். சீ! மூத்திரத்தைவிட அந்தப் பொய்தான் அதிகம் நாறியது.

மறுநாள், தான் நோயாளிகளைக் கொண்டுவந்து இறக்கும் ஆஸ்பத்திரியிலேயே பிசியோதெரபி அறைக்குப் போனாள். அங்கிருந்த பெண் அவளைப் படுக்க வைத்து அடிவயிற்றில் கை வைத்தாள். "எங்க, கிளாஸ்ல செய்யற மாதிரி இறுக்குங்க பாப்போம்."

செய்து காட்டினாள்.

"நீங்க இறுக்கலங்க. முக்குறீங்க."

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரசவ அறையில் நர்ஸ் காதருகே கத்தியது நினைவுக்கு வந்தது: முக்கு, முக்கு, இன்னும் முக்கு! அண்ணியின் குரலிலும் அதே தாளம், அதே அதட்டல். காதில் விழுந்தது இறுக்கு. உடம்பு எடுத்துக்கொண்டது முக்கு. ஒரு மாதமாக அந்தப் பாயில் படுத்துத் திரும்பத் திரும்பப் பிள்ளை பெற்றுக்கொண்டிருந்திருக்கிறாள், கர்மம்!

"மூச்ச வெளிய விட்டுக்கிட்டே, மூத்திரத்த அடக்குற மாதிரி கீழருந்து மேல இழுங்க. வயிறு புடைக்கவே கூடாது. எட்டு வாரம் ஒழுங்கா செஞ்சா வண்டி ஏறலாம். இப்படியே முக்கிட்டிருந்தீங்கன்னா ஸ்ட்ரெச்சர மறந்துடுங்க."

அடுத்த வகுப்பில் அவள் படுக்கவில்லை. நடு ஹாலில் நின்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அன்னிக்குக் கொட்டினது தண்ணி இல்ல. என்னோட மூத்திரம். நாம இறுக்குறோம்னு நெனச்சு முக்கிட்டிருக்கோம்."

பேங்க்காரி மெல்ல, "நான் ரெண்டு பேடு வெச்சிக்கிட்டுத்தான் வர்றேன்" என்றாள். "அதனாலதான் நான் கறுப்பு பேன்ட்டே போடறது" என்றாள் டீச்சர்.

அண்ணி அவள் கையைப் பிடித்துச் செருப்பு வைக்கும் மூலைக்கு இழுத்துப்போனாள். "ஏன்டி மானத்த வாங்குற? எனக்கு ஏழு வருஷமா இருக்கு. ஈ காக்கைக்குத் தெரியுமா?"

குரலில் வெட்கமே இல்லை. பெருமை இருந்தது! பாவம் என்று நினைக்க வேண்டிய இடம்தான். ஆனால் அவள் கையை உதறி விடுவித்துக்கொண்டாள்.

"ஏழு வருஷமா தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கள இறுக்கச் சொன்னீங்களா அண்ணி?"

பேங்க்காரியும் டீச்சரும் பாயைச் சுருட்டினார்கள். அவள் படியில் இறங்கிக்கொண்டே அதிகாரிக்குப் போன் போட்டாள். "சார், எனக்கு எட்டு வாரம் போன் மேஜை போடுங்க. தூக்கினா மூத்திரம் போகுது. சரியானதும் வண்டிக்குத் திரும்பி வருவேன். வருவேன்னு எழுதி வெச்சுக்கங்க." மறுமுனையில் அந்த மனுஷன் எச்சில் விழுங்குவது கேட்டது. "சரிம்மா, எழுதிக்கறேன்" என்றார்.

அப்போது மேலேயிருந்து அண்ணியின் குரல் தேனாக வழிந்தது. "நீ அதெல்லாம் காதுல போட்டுக்காத செல்லம். படு. இறுக்கு, இறுக்கு..."

அந்தச் சின்னப் பெண்!

இரண்டிரண்டு படியாக ஏறினால் நனையும் என்று அவளுக்குத் தெரியும். ஏறினாள். நனைந்தது. நனைந்த பேன்ட்டோடு கண்ணாடிகளுக்கு நடுவே போய் நின்று, பாயில் கிடந்தவளிடம் கையை நீட்டினாள்.

"எந்திரிம்மா."