ஒன்பதாம் நம்பர் டன்லின்

தலைக்கு மேல் இடி இறங்கினாற்போல் ஒரு சத்தம். விமானக் கண்காட்சி மைதானத்தின் தின்பண்டக் கடை வரிசையில் நின்றவர்கள் அத்தனை பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். லோவெலின் கையிலிருந்த சாசேஜ் ரொட்டி நழுவிப் புல்லில் விழுந்தது.

"டன்லின்!" என்றார், மேலே பார்க்காமலே. அந்த எஞ்சின் சத்தம் அவருக்கு அத்துப்படி.

எண்பது வருடத்துக்கு முந்தைய கடற்படை விமானம் அது. மிஞ்சியிருப்பவை இருபத்துமூன்றே. ஒவ்வொன்றையும் நேரில் பார்த்து, படமெடுத்து, நோட்டில் ஏற்ற வேண்டும் என்பதுதான், பழைய விமானங்களைத் தேடி அலையும் லோவெலின் சங்கத்தாருக்குப் பிடித்திருந்த பைத்தியம். முப்பத்தொரு வருடமாக, தபால் வேலையில் கிடைத்த விடுமுறையையெல்லாம் இதற்கே கொட்டி, பழைய காரில் மனைவி மார்லிஸையும் ஏற்றிக்கொண்டு அலைந்து, இருபத்திரண்டைப் பிடித்துவிட்டார். பாக்கி ஒன்பதாம் நம்பர்தான்.

டுவெய்னுக்கும் அதே ஒன்றுதான் பாக்கி. ஓய்வுபெற்ற பல் டாக்டர். கையில் காசு, ஊர் ஊராகப் பறந்து ஆறே வருடத்தில் எட்டிப் பிடித்துவிட்டார். அதை நினைத்தாலே லோவெலுக்கு வயிறு எரியும். முதலில் முடிப்பவரின் பெயரைச் சங்கச் சுவரில் பித்தளையில் பதிப்பார்கள். அடுத்து வருபவருக்குக் கைதட்டல் மட்டும்.

விமானம் தரையிறங்கி நின்றது. வாலில் பெரிதாகப் பதினான்கு.

"விடு லோவெல்," என்று பக்கத்தில் நின்ற டுவெய்ன் தன் முழ நீள கேமரா லென்ஸை இறக்கினார். "பதினாலு. நாம ரெண்டு பேரும் பார்த்ததுதான். சாசேஜைக் கீழ போட்டதுதான் மிச்சம். வா, பியர் வாங்கித் தரேன்."

"எனக்கு வேண்டாம்."

லோவெலின் கண் விமானத்தை விட்டு நகரவில்லை. ஒஹையோவில் அவர் பார்த்த பதினாலுக்கு இடது இறக்கையில் ஒட்டுப்போட்ட தடம் உண்டு. இதில் இல்லை. வாலில் எழுதியிருப்பதை நம்ப முடியாது. விமானத்தை வைத்திருப்பவர்கள் தங்களுக்குப் பிடித்த நம்பரைத் தீட்டிக்கொள்வார்கள். சக்கரம் மடங்கும் குழிக்குள் அடித்திருக்கும் தகடுதான் அசல்.

விமானி ஒரு இளம்பெண். "தாராளமா பாருங்க சார். ஆனா இருபது நிமிஷத்துல கிளம்பிடுவேன், மேற்கே மழை வருது. கனடாவுல இதை வாங்கினவர் காத்திருக்கார். கொட்டகைக்குள்ள பூட்டினார்னா அப்புறம் ஒரு ஈ காக்காய்க்கும் காட்ட மாட்டார்."

லோவெல் முழங்கால் முனக விமானத்தின் அடியில் தவழ்ந்தார். கழுத்தில் எண்ணெய் சொட்டியது. டார்ச்சை அடித்தார்.

ஒன்பது.

நான்கு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். மார்லிஸுக்கு அவர் முகமே போதுமானதாக இருந்தது.

"அதுவா?"

"அதேதான். மெதுவா பேசு."

"சாட்சிக் கையெழுத்துக்கு என்ன பண்ணப்போற?"

லோவெலின் சந்தோஷம் அப்படியே வடிந்தது. எவனோ ஒருவன் பொய்ப் படம் காட்டி ஏமாற்றிய நாளிலிருந்து, இன்னொரு உறுப்பினரும் தகட்டைக் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் செல்லும். கட்டிய மனைவி போட்டால் செல்லாது. சங்கத்தில் மற்றவர்கள் இன்று வேறு ஊரில் நடக்கும் பெரிய கண்காட்சிக்குப் போயிருந்தார்கள். இங்கே இருந்தவர் ஒரே ஒருவர்தான்.

"போய் டுவெய்னைக் கூட்டிட்டு வா," என்றாள் மார்லிஸ்.

"அவனும் பார்த்துடுவானே!"

"பார்க்கட்டுமே. ஒரே நாள்ல முடிச்சா ரெண்டு பேரையும்தான் பதிப்பாங்க. உன் பேர் வந்தா போதாதா?"

"என் பேரோட அவன் பேரா? ஒஹையோவுக்குப் பனியில கார் ஓட்டினது யாரு? பின் சீட்டுல காய்ச்சலோட கிடந்தது யாரு?"

"கிடந்தவ நான்தானே? நானே சொல்றேன், போ."

லோவெல் போனார். பியர் கூடாரத்தில் நாலைந்து பேர் டுவெய்னின் லென்ஸைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இதோ வந்துட்டார் எங்க சங்கத்துத் தபால்காரர்!" என்றார் டுவெய்ன். "நாங்கெல்லாம் தூரத்துலேர்ந்தே நம்பரைப் படிப்போம். இவர் மட்டும் வீடு வீடா போய்க் கதவைத் தட்டுவார்!"

கூடாரமே சிரித்தது. லோவெலுக்குக் காது மடல் சுட்டது. பின்னால் டன்லினின் எஞ்சின் ஒருமுறை இருமி, புகை கக்கி, உறுமத் தொடங்கியது. ஓடினால் இன்னமும் பிடிக்கலாம். விமானியிடம் கையசைத்து நிறுத்தலாம்.

டுவெய்னின் பார்வை லோவெலின் சட்டைக் காலரில் இருந்த எண்ணெய்க் கறையில் நின்றது. சிரிப்பு அடங்கியது. பாதி எழுந்துவிட்டார்.

"அடியில நுழைஞ்சு பார்த்தியா? தகட்டுல என்ன போட்டிருக்கு?"

மூச்சிரைக்க ஓடிவந்த மார்லிஸ், கணவரின் பக்கத்தில் வந்து நின்றாள். லோவெல் கேமராவை மெல்ல முதுகுப் பக்கம் தள்ளிக்கொண்டார்.

"வேற என்ன இருக்கப்போவுது? பதினாலுதான்."