கண்ணாடி ஏற்றிய கார்

சவப்பெட்டியை மூட ஆட்கள் குனிந்த நேரத்தில் வாசலில் வேன் ஹாரன் அலறியது.

பள்ளிச் சீருடையில் ஏழெட்டுப் பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக இறங்கிய ஆளைப் பார்த்ததும் ஜெயபாலனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. லியோனார்ட் வாத்தியார்.

"செத்த வீட்டுக்கு ஸ்கூல் வேனா? இன்னும் என்னென்ன பார்க்கணுமோ!" என்றாள் அவன் அக்கா முத்தம்மா, எல்லாருக்கும் கேட்கும்படி.

ஜெயபாலனின் மனைவி தினேஸ்வரி நேற்றுக் காலை சமையலறையில் விழுந்தவள், எழவே இல்லை. சனிக்கிழமைதோறும் தமிழ்ப்பள்ளிக்குப் போய்ப் பிள்ளைகளுக்குக் கும்மியும் ரப்பர் தோட்டத்துக் கதைகளும் சொல்லிக்கொடுப்பாள். அவனும் அப்படித்தான் நம்பியிருந்தான், போன மாதம் லோரி ஓட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகும்வரை.

பள்ளிக்கு வெளியே மரத்தடியில் லியோனார்டின் கார். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே தினேஸ்வரி அழுதுகொண்டிருந்தாள். அந்த ஆள் அவள் முகத்தருகே சாய்ந்திருந்தான்.

அன்று வீட்டுக்கு வந்தவளிடம், "இன்னிக்கு என்ன சொல்லிக் குடுத்த?" என்று மட்டும் கேட்டான்.

"கும்மிதாங்க," என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போய்விட்டாள்.

காருக்குள்ளேயா கும்மி அடிப்பார்கள்? கேட்காமலே ஒரு மாதம் ஓடிவிட்டது. இனி பதில் சொல்ல அவள் இல்லை. இந்த வாத்தியார் இருக்கிறான்.

ஜெயபாலன் எழுந்து வாசலை மறித்தான்.

"யாரு உங்கள வரச் சொன்னா?"

"பிள்ளைங்க டீச்சர பார்க்கணும்னு அழுதுச்சிங்க அண்ணே."

"அண்ணேன்னு கூப்பிடாத. கார் கண்ணாடிய ஏத்திட்டு ரெண்டு பேரும் என்ன பண்ணீங்க?"

லியோனார்ட் வாய் திறப்பதற்குள் பிள்ளைகள் ஜெயபாலனைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டார்கள். பெட்டியைச் சுற்றி நின்றார்கள். ஷர்மினி என்கிற சிறுமி மார்பில் கை வைத்து இழுத்துப் பாடினாள்.

"பால்மரத்து நிழலுல பாத போட்ட என் ராசா,
பாத இங்க கெடக்கையில பயணம் எங்க போனீரு..."

மற்ற பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். புருஷனைப் பறிகொடுத்தவள் பாடும் ஒப்பாரி. வரி முடியும் இடத்தில் தினேஸ்வரி மூச்சை இழுக்கும் அதே இழுப்பு.

"அய்யோ, சின்னப் பிள்ளைங்க வாயில என்ன பாட்டு இது!" என்ற முத்தம்மா, அடுத்த வரியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"போட்டிக்குத் தோட்டத்துக் கதைய நாடகமா போடுறோம்," என்றார் லியோனார்ட், தாழ்ந்த குரலில். "கும்மி, கதையெல்லாம் கேண்டீன்லயே சொல்லிக் குடுத்தாங்க. இத மட்டும் போன்ல பதிவு பண்ணணும். கேண்டீன்ல ஒரே சத்தம். கார்ல உட்காந்து பாடுனாங்க. பாடுறப்பவே அழுதுட்டாங்க."

ஜெயபாலன் நம்பவில்லை.

"பாடுறதுக்கு வீடு இல்லியா? பகல் பூரா சும்மாதான கெடக்கு?"

லியோனார்ட் தரையைப் பார்த்தார்.

"நானும் அதத்தான் கேட்டேன். 'அவரு நல்லா இருக்கணும் சார், அவரு இருக்குற வீட்டுல இத பாட மாட்டேன்'னுட்டாங்க."