இருநூற்றுப் பதினான்கு யாருடையது

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் அவளுக்கு வாரத்தில் ஆறு நாள் கடை, ஏழாம் நாள் டப்பா. டப்பா என்றால் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு சின்ன டப்பாவைப் பாலத்தடியிலோ பெஞ்சுக்குக் கீழோ ஒளித்துவைத்து, அந்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையையும் தேடுபவர்களுக்கு ஒரு வரிக் குறிப்பையும் இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே போய்க் கண்டுபிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்கள். பரிசு கிடையாது. கைதட்டக்கூட ஆள் கிடையாது. இதற்கு ஊரில் ஒரு சங்கம் இருந்தது. ஒவ்வொரு டப்பாவுக்கும் ஓர் எண் கொடுத்து, அதைப் பொறித்த அலுமினியத் தகடு ஒன்றை உள்ளே போட அனுப்புவதும், டப்பா தொலைந்தால் எண்ணுக்கு ஓய்வு கொடுப்பதும் அவள் பொறுப்பு. சங்கத்தில் அவளைப் பதிவாளர் என்றார்கள்.

சங்கத்தின் இணையதளத்தைச் செய்தவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். எண்ணுக்கு மூன்று இலக்கம் போதும் என்று பதினொரு வருஷத்துக்கு முன்பு அவர் முடிவு செய்திருந்தார். ஆயிரம் டப்பா ஒளித்துவைக்க இந்த ஊரில் அத்தனை சந்துபொந்து ஏது என்பது அவர் எண்ணம். சந்துபொந்து இருந்தது. போன வருஷக் கடைசியில் 999 தீர்ந்துபோனது.

நூலகத்து மாடி அறையில் கூட்டம் போட்டார்கள். ஓய்வுபெற்ற எண்கள் நானூற்றுப் பன்னிரண்டு சும்மா கிடக்கின்றன, அவற்றையே புது டப்பாக்களுக்குக் கொடுக்கலாம் என்றார் மெக்கானிக். நான்காவது இலக்கம் சேர்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். அதைத் தொட்டால் எது எங்கே கழன்று விழும் என்று தனக்கே தெரியாது என்றார் மெக்கானிக். இதைக் கேட்ட சிலர் அன்று கூட்டம் முடிந்ததும் லிஃப்டில் ஏறாமல் படியில் இறங்கிப் போனார்கள்.

பதிவாளர் மட்டும் எழுந்து மறுத்துப் பேசினாள்.

"தாத்தா பேரப் பேரனுக்கு வைக்கலாம். தாத்தா கண்ணாடியப் பேரனுக்கு மாட்டினா சுவத்துலதான் முட்டுவான்."

நன்றாகச் சொன்னீர்கள் என்று பலர் பாராட்டினார்கள். பிறகு பத்தொன்பதுக்கு ஆறு என்ற கணக்கில் அவளைத் தோற்கடித்தார்கள்.

தோற்றாலும் வேலை வேலைதானே. முதலில் எண் கேட்டு வந்தவர் பள்ளிக்கூட நர்ஸ். மருந்து வந்த பிளாஸ்டிக் டப்பாவை நூலகத்து மதில் இடுக்கில் வைத்திருந்தார். பதிவாளர் அவருக்கு 214 கொடுத்தாள். ஏன் அந்த எண் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பட்டியலில் முதலில் கண்ணில் பட்டது என்று சொல்லியிருப்பாள். கண்ணில் பட்டது உண்மைதான். நான்கு வருஷமாகப் பட்டுக்கொண்டுதான் இருந்தது. 214 அவள் தம்பியின் எண். அது வேறொருவர் பெயருக்குப் போய்விட்டால் இனி உறுத்தாது என்று நினைத்தாள்.

தம்பிக்குப் பூட்டு ரிப்பேர் கடை. 214ஐ அவன்தான் கால்வாய்க்கரை பம்ப் ஹவுஸில் ஒளித்துவைத்திருந்தான். மூன்று பேர் போய்த் தேடி, இல்லை என்று எழுதினார்கள். மூன்றாவது ஆள் அவளேதான். டப்பா இல்லை என்று மூன்று பேர் எழுதினால், வைத்தவர் முப்பது நாளுக்குள் நேரில் போய்ப் பார்த்துப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்பது விதி. தம்பிக்கு அப்போது கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டு. டப்பா இருக்கிறது, எனக்குத் தெரியும் என்று போனில் சொன்னான். விதி எல்லாருக்கும் ஒன்றுதான் என்றாள் அவள். முப்பத்தோராம் நாள் 214க்கு ஓய்வு கொடுத்தாள். அவன் சங்கத்தைவிட்டு விலகினான்.

சண்டை என்று எதுவும் போடவில்லை. அன்று முதல் அவளை 'நீங்க' என்று கூப்பிட ஆரம்பித்தான், அவ்வளவுதான். அம்மா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால், உப்பைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளுங்க என்பான். பிள்ளைக்குக் கடைசியில் மரியாதை வந்துவிட்டது என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

நர்ஸுக்கு எண் கொடுத்த மூன்றாம் வாரம், 214க்குக் கீழே பஸ் டிரைவர் எழுதியிருந்தார்: "கிடைத்தது. நல்ல பூட்டு. தாள் நனையவில்லை."

நர்ஸ் உடனே பதிவாளரை அழைத்தார். தன் டப்பாவில் பூட்டே கிடையாது, நனைவதற்கும் வழி கிடையாது, இந்த ஆள் எதைப் பார்த்துவிட்டு எழுதுகிறார் என்று கேட்டார்.

டிரைவர் எதையும் பார்க்காமல் எழுதுகிற ஆள் இல்லை. சங்கத்தின் பட்டியலை ஐந்து வருஷத்துக்கு முன்பே தாளில் அச்செடுத்துவைத்து, ஒன்றிலிருந்து வரிசையாகத் தேடிக்கொண்டு வருபவர். 213ஐ முடித்ததும் 214க்குப் போயிருக்கிறார். நடுவில் அதற்கு ஓய்வு கொடுத்ததும், வேறு இடத்தில் அது மறுபடி பிறந்ததும் அவருக்குத் தெரியாது.

பதிவாளர் அவரோடு பம்ப் ஹவுஸுக்குப் போனாள். இரும்புக் கதவு, அதில் துருவேறிய பெரிய பூட்டு. அவளுக்கு அந்தப் பூட்டைத் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்பு அதைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்து, கதவின் அடியில் தேடினாள்.

"நானும் அதப் புடிச்சுக்கிட்டுதான் குனிஞ்சேன்," என்றார் டிரைவர். "என் கனத்துக்கு அதோட அடிப்பாகம் கழண்டு கையோட வந்துடுச்சு."

பூட்டின் உட்புறம் வெறும் கூடு. அதற்குள் 214 என்ற தகடும், சுருட்டிய தாளும் இருந்தன. தாளில் ஆறேழு பழைய கையெழுத்துகள். அவற்றுக்குக் கீழே, எண்ணுக்கு ஓய்வு கொடுத்த ஐந்தாம் மாதத் தேதியில், தம்பியின் கையெழுத்தில் ஒரே வார்த்தை: இருக்கிறது. அதற்கு அடுத்த வருஷம்: இருக்கிறது. அதற்கும் அடுத்த வருஷம், பிறகு போன வருஷம். மொத்தம் நான்கு முறை. ஒன்றில்கூட ஆச்சரியக்குறி இல்லை.

டிரைவர் தாளை எட்டிப் பார்த்துவிட்டு, இவர் வேறு எதுவும் எழுத மாட்டாரா என்று கேட்டார். பதிவாளர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். தினமும் நாற்பது பேர் கண்ணாடியைத் துடைக்கிறவளுக்கு அன்று தன்னுடையதைத் துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

மறுநாள் மதியம் தாளை எடுத்துக்கொண்டு தம்பி கடைக்குப் போனாள். அவன் சாவி வெட்டிக்கொண்டிருந்தான். தாளை மேசையில் வைத்தாள். அவன் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கையில் இருந்த சாவியை வெட்டி முடித்த பிறகுதான் மெஷினை நிறுத்தினான்.

"அந்தப் பூட்டக் கையில புடிச்சுக்கிட்டுதான் நான் தேடினேன்," என்றாள்.

"குறிப்புலயே போட்டிருந்தேனே. கையிலதான் இருக்குன்னு."

"வருஷா வருஷம் போயிருக்கியே, எதுக்கு?"

"இருக்கான்னு பாக்கத்தான்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ இருக்குன்னு சொன்னப்பவே நான் நம்பியிருக்கணும். நம்பல. தப்பு என்னுதுதான்."

அவன் புதுச் சாவியின் பிசிறை அரத்தால் தேய்த்தான். "விதி எல்லாருக்கும் ஒண்ணுன்னு சொன்னீங்க. சரிதான், அத நான் குத்தம் சொல்லல. ஆனா நான் எல்லாரும் இல்லல்ல."

சாவிக்கு உரியவர் வந்தார், சரிபார்த்தார், போனார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நேரமாகிவிட்டது, கிளம்புகிறேன் என்று சொல்லவில்லை. அவன் அரத்தைத் துடைத்துவைத்துவிட்டு, அவள் பக்கம் திரும்பாமலே கேட்டான்.

"டீ சொல்லட்டா? உனக்குச் சர்க்கரை போடலாமா, இல்ல விட்டுட்டியா?"

விட்டு இரண்டு வருஷம் ஆகிறது என்றாள். அது தனக்குத் தெரியாதே என்றான்.

அடுத்த கூட்டத்தில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். 214 தம்பிக்கே திரும்பிப் போகிறது, தவறு தன்னுடையது என்றாள். கூடவே ஒரு சந்தேகத்தையும் கிளப்பிவிட்டாள். செத்ததாக எழுதிவைத்த இது உயிரோடு இருக்கிறதென்றால், மிச்சம் நானூற்றுப் பதினொன்றும் செத்ததற்கு யார் சாட்சி? இரண்டிரண்டு பேராகப் போய் எல்லாவற்றையும் தேடிப் பார்ப்பது, ஓய்வுபெற்ற எண்ணை இனி யாருக்கும் கொடுப்பதில்லை என்று தீர்மானம் வந்தது. டிரைவர் ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. அவருக்கு ஆட்சேபம் ஒன்றும் இல்லை. என்ன முடிவு எடுத்தாலும் தான் 999ஐத் தாண்ட இன்னும் பதினெட்டு வருஷம் ஆகும் என்றார்.

மெக்கானிக் அன்று வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை நர்ஸ் இணையதளத்தைப் பார்த்தபோது அதில் நான்கு இலக்கம் இருந்தது. நாற்பது நிமிஷ வேலை என்பது பிறகுதான் தெரிந்தது. எதுவும் எங்கும் கழன்று விழவில்லை. நர்ஸுக்கு 1000 கிடைத்தது. தகட்டில் மூன்றே கட்டம் இருந்ததால் கடைசிப் பூஜ்ஜியம் கட்டத்துக்கு வெளியே நின்றது. எண் மாறிப்போனாலும் இப்போது வந்ததுதான் ராசியான எண் என்று அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

தேடி முடிக்க ஏழு மாதம் பிடித்தது. இல்லாததை இல்லை என்று உறுதி செய்வது, இருப்பதைக் கண்டுபிடிப்பதைவிடக் கஷ்டம் என்று தெரிந்தது. பதினொரு டப்பாக்கள் உயிரோடு இருந்தன. அதில் ஒன்று மெக்கானிக் தானே வைத்து, தானே தேடி, தானே தொலைந்தது என்று எழுதியது.

அக்காவுக்கும், சங்கத்துக்குத் திரும்பிவிட்ட தம்பிக்கும் முப்பத்தெட்டு எண்கள் ஒதுக்கியிருந்தார்கள். கடைசியாக 377, ரயில்பாதைக்குப் பக்கத்துச் சிமெண்ட் குழாய். தம்பி இருபது நிமிஷம் குப்புறப் படுத்து, தோள்வரை கையைவிட்டுத் துழாவினான். எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உதட்டைப் பிதுக்கினான்.

அவள் பேனாவைத் திறந்தாள். "இல்லன்னு எழுதிடட்டா?"

அவன் குழாயைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"இரு. டார்ச்ச இப்படிப் புடி," என்று சொல்லி மறுபடி படுத்தான்.