சிஸ்டர் அமலாவின் நாற்பத்தொரு பக்கம்

திருச்சியில் இருக்கும் தலைமை மடத்திலிருந்து வந்த மின்னஞ்சலில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. ‘இன்றைய உலகின் சவால்களுக்கு உங்கள் இல்லம் தரும் பதில் என்ன?’ அதற்குக் கீழே, பதில் இல்லாத இல்லங்கள் மூடப்படும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். பதிலைக் கேட்க சபைத் தலைவி மதர் தெயோபிலாவே நேரில் வருகிறாராம்.

சிங்கப்பூரில் தமிழர்கள் கூடும் தேக்காவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது, அந்த மின்னஞ்சல் வந்த மடம். மொத்தம் மூன்றே கன்னியர். மூவரின் வயதையும் கூட்டினால் சிங்கப்பூரைப் போல நாலு நாட்டுக்குப் பிறந்தநாள் கொண்டாடலாம். மடம் மூடினால் மூவரும் சுவா சூ காங்கில் உள்ள முதியோர் இல்லத்துக்குப் போக வேண்டும். ரயிலில் முக்கால் மணி நேரப் பயணம்தான். ஆனால் மடத்தை நடத்தும் சிஸ்டர் அமலாவுக்கு அது சந்திர மண்டலம். ஜன்னலைத் திறந்தால் கறிவேப்பிலை வாசனை வராத இடத்தில் மனுஷி எப்படி ஜெபிப்பது?

ஆகவே சிஸ்டர் அமலா கட்டுரை எழுத உட்கார்ந்தார். மூன்று வாரம் எழுதினார். மடத்திலிருந்த பேனாக்கள் ஒவ்வொன்றாக உயிரை விட்டன. பருவநிலை, போர், பிளாஸ்டிக், அகதிகள், தனிமை என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. காணாமல் போனதைக் கண்டுபிடிப்பதில் செயற்கை நுண்ணறிவு புனித அந்தோனியாரை மிஞ்சுமா என்பதற்கே நாலு பக்கம். மொத்தம் நாற்பத்தொன்று.

படித்துப் பார்த்த சிஸ்டர் பெர்னதெத் மெதுவாகக் கேட்டார். “எல்லாம் சரி சிஸ்டர். இதுல நாம என்ன செய்யறோம்னு எந்தப் பக்கத்துல இருக்கு?”

“அதெல்லாம் பின்னிணைப்புல வரும்.”

பின்னிணைப்பு இன்னும் எழுதப்படவில்லை.

எதிர்க்கடை அப்துல் முத்தலிப் முப்பது வருடமாகப் பிரியாணி விற்பவர். அதைவிட நீண்ட காலமாக சிஸ்டர் அமலாவைச் சீண்டி வருபவர். “மூணு பேரு உக்காந்து உலகத்தைக் காப்பாத்தப் போறீங்களா? மதர் வந்து பாத்தா மடத்துல ஈ கூட இருக்காது லா!” என்று சிங்கப்பூர்க்காரர்களின் ‘லா’வைச் சேர்த்துச் சிரித்தார்.

“நீங்க வேற பாய். கூட்டத்துக்கு நான் எங்க போவேன்?”

“ஞாயித்துக்கிழமை தேக்கா முழுக்க லீவுல வந்த வேலையாளுங்கதானே? சாப்பாடுன்னு சொல்லுங்க. பிரியாணி என் பொறுப்பு.”

சொன்னபடி அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், உட்லண்ட்ஸில் கட்டட வேலை செய்யும் ரத்னவேல் தன்னையும் சேர்த்து நாற்பது பேரைத் திரட்டிக்கொண்டு வந்துவிட்டார். மதர் தெயோபிலாவும் விமான நிலையத்திலிருந்து நேரே வந்து இறங்கினார்.

அந்த மடத்துச் சாப்பாட்டு அறையில் யாரும் பேசக் கூடாது. ஒருவர் உரக்க வாசிப்பார், மற்றவர்கள் வாய் திறக்காமல் சாப்பிடுவார்கள். அறையில் மூத்தவர் மணி அடிக்கும்வரை வாசிப்பவர் நிறுத்தக் கூடாது. விருந்தாளி வந்தாலும் விதி விதிதான். வழக்கமாகப் புனிதர்களின் வாழ்க்கைதான் வாசிப்பார்கள். அன்று சிஸ்டர் அமலாவுக்கு வேறு யோசனை. நாற்பது பேர், அத்தனை பேருக்கும் வாய்ப்பூட்டு. கையில் நாற்பத்தொரு பக்கம். கடவுளே பார்த்து ஏற்பாடு செய்த அரங்கம்! மணியை மதர் முன்னால் வைத்துவிட்டு வாசிக்க ஆரம்பித்தார்.

மூன்றாம் பக்கத்தில் பிரியாணி தீர்ந்தது. ஏழாம் பக்கத்தில் சிலர் சுவரில் சாய்ந்தார்கள். பதினோராம் பக்கத்தில், பனிமலைகள் உருகிக்கொண்டிருந்தபோது, முதல் குறட்டை கேட்டது. இருபதாம் பக்கத்தில் சாங்கி விமான நிலைய ஓடுபாதையே அறைக்குள் வந்துவிட்டது. தரை நிறைய மனிதர்கள், நாற்பது பேரும் சுருண்டு கிடந்தார்கள்.

சிஸ்டர் அமலாவுக்கு எழுத்துகள் கலங்கித் தெரிந்தன. போயிற்று. பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஆனால் மணி அடிக்கவில்லையே, எப்படி நிறுத்துவது? மதர் பக்கம் திரும்பிப் பார்க்கவும் தைரியமில்லை. நாற்பத்தொன்றாம் பக்கமும் முடிந்தது. அப்போதும் மணி இல்லை. மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பாத்திரம் எடுக்க வந்த முத்தலிப், அறையைப் பார்த்த அதிர்ச்சியில் அண்டா மூடியைக் கீழே போட்டார். அந்தச் சத்தத்தில் நாற்பது பேரும் துள்ளி எழுந்தார்கள். நாற்பத்தொன்றாவதாக, தயிர்ப் பச்சடிக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் தலை சாய்த்திருந்த மதர் தெயோபிலாவும் எழுந்தார்.

ரத்னவேல் கையைப் பிசைந்தார். “தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். எங்க ரூம்ல பன்னெண்டு பேரு. ஒருத்தன் படுக்கிற நேரம் இன்னொருத்தன் எந்திரிப்பான். லீவு நாள்ல புல்லுல படுத்தா பக்கத்துல ஒருத்தன் போன்ல பொண்டாட்டிகூட சண்டை. இப்படித் தூங்கி எட்டு மாசம் ஆச்சு.”

“அடுத்த வாரமும் இதையே படிப்பீங்களா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“தூக்க மாத்திரையை விட நல்லா கேக்குது லா!” என்றார் முத்தலிப்.

கன்னத்தில் மேசை விரிப்பின் பூவேலை பதிந்திருக்க, மதர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். “பதினோரு நாடு சுத்திட்டு வர்றேன் அமலா. எல்லா மடத்துலயும் திரை போட்டுப் படம் காட்டினாங்க. ஒருத்தராவது என்னைத் தூங்க விடணுமே!”

“மதர், அப்போ எங்க பதில்...”

“ஏழாம் நாள் கடவுளே ஓய்வெடுத்தார். உலகம் பூரா கட்டிக் குடுக்கிற இவங்களுக்குத் தலை சாய்க்க இடமில்ல. நீங்க குடுத்திருக்கீங்க. இதைவிட என்ன பதில்?” கட்டுரையை வாங்கி, கடைசிப் பக்கத்தின் பின்புறம் பின்னிணைப்பை அவரே எழுதினார்: ‘ஞாயிறு மதியம். சோறு, மௌனம், தலையணை. இல்லம் தொடரும்.’

சிஸ்டர் அமலா சந்தோஷத்தில் அந்த வரியை இரண்டு முறை படித்தார். ஆனாலும் எழுதிய கை சும்மா இருக்குமா? “என் கட்டுரையைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே மதர்?”

“அதுதான் முக்கியம். தயவுசெஞ்சு ஒரு வரியைக்கூட சுவாரசியமா மாத்திடாதீங்க.”

அடுத்த ஞாயிறு எழுபது பேர் வந்தார்கள். கறிவேப்பிலை வாசனை ஜன்னல் வழியே தாராளமாக வந்துகொண்டிருந்தது. பதினைந்தாம் பக்கத்தில் சிஸ்டர் அமலா நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் தூங்க, ரத்னவேல் மட்டும் கொட்டக் கொட்ட விழித்திருந்தார். பேசக் கூடாதே, அதனால் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார். ‘அந்தோனியார் ஜெயிச்சாரா சிஸ்டர்? போன வாரம் அந்த இடத்துல தூங்கிட்டேன்.’

ஒரு வாசகர்! உலகத்திலேயே ஒரே ஒரு வாசகர்! சிஸ்டர் அமலா பூரித்துப்போய், பக்கங்களைத் தள்ளி, அந்தோனியாரை எடுத்து, குரலில் தேனைக் குழைத்து வாசித்தார்.

அரைப் பக்கம்கூடத் தாண்டவில்லை. ரத்னவேல் சுவரோடு சாய்ந்திருந்தார், வாய் லேசாகத் திறந்திருந்தது.

சிஸ்டர் அமலா அந்தப் பக்கத்தின் ஓரத்தை மடித்து அடையாளம் வைத்துவிட்டு, குரலை இன்னும் கொஞ்சம் இறக்கிக்கொண்டார்.