தவிட்டு நிறம்

"1953 செப்டம்பர் 14, திங்கள். இன்று ஒரு சிறு தவறு தெரியவந்தது. வடசேரி வீட்டு அறைக்கு நான் பூசியது, டீச்சர் கேட்ட நிறம் இல்லை."

மாலை வகுப்பு கலைந்த பெஞ்சிலேயே உட்கார்ந்து இவ்வளவையும் எழுதிய ஞானதாசன், 'சிறு' என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதை அடித்தான்.

மேஸ்திரி இல்லாமல் அவன் தனியாக எடுத்த முதல் வேலை அது. மேற்கே கருங்கல் ஊரிலிருந்து மாற்றலாகி வந்த இசபெல் டீச்சர், வாடகை வீட்டு அறையின் வெள்ளைச் சுவரைக் காட்டி, "ஆஸ்பத்திரில கெடக்கிய மாதிரி இருக்கு மக்கா. எங்க வீட்டு முறி போல நல்ல தவிட்டு நிறம் அடிச்சுத் தா. விளக்கு கொளுத்தினா ஆள் இருக்கிய வீடுன்னு தோணணும்" என்றார்.

அவன் எதையும் அளந்து செய்கிறவன். நெல்லு மில்லுக்குப் போய் ஒரு கை தவிடு வாங்கிக் காகிதத்தில் பொதிந்து வந்தான். காய்ந்த சுவரும் தவிடும் ஒன்றுபோல ஆகும்வரை மூன்று நாள் கலந்தான்.

அந்த மூன்று நாளும் டீச்சர் கருப்பட்டிக் காப்பி தந்து, "நேத்து கிளாசில என்ன படிச்ச?" என்று கேட்டார். அவனிடம் அப்படிக் கேட்க நாகர்கோவிலில் வேறு ஆள் கிடையாது.

சனிக்கிழமை வேலை முடிந்தது. டீச்சர் சுவரை வெகுநேரம் பார்த்தார். "நல்லா இருக்கு" என்றார். வகுப்பைப் பற்றிக் கேட்கவில்லை. "கிறிஸ்துமஸ் கழிஞ்சா ஊருக்கே மாற்றல் கேக்கலாமான்னு இருக்கேன்" என்று மட்டும் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னார்.

இன்றைக்கு மாலை மலையாள வகுப்பில் குமாரதாஸ் சார் ஒரு குதிரையைப் பற்றி வாசித்தார். 'தவிட்டு நிறமுள்ள குதிர.' சந்தேகம் கேட்டவர்களுக்குத் தன் பழைய கரும்பழுப்புத் தோல் பையைத் தூக்கிக் காட்டினார்.

"தவிடு கருகிப்போச்சா சார்?" என்றான் பின்பெஞ்சு ஜெயசிங். எல்லோரும் சிரித்தார்கள். ஞானதாசனுக்குச் சிரிப்பு வரவில்லை. மலையாளம் கலந்த மேற்குப் பேச்சில் டீச்சர் கேட்டது அந்தப் பையின் நிறத்தை.

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. சொல்லப் போவது தவறுக்காகவா, இன்னும் மூன்று நாள் காப்பிக்காகவா என்று அவனுக்கே நிச்சயமில்லை. ஆனாலும் நோட்டை மூடிக்கொண்டு வடசேரிக்கு நடந்தான்.

அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு டீச்சர் சிரிப்போடு வாயைப் பொத்திக்கொண்டார். "ஏலே, மாட்டுக்கு வைக்கிய தவிடா? அதயா பொதிஞ்சு கொண்டு நடந்த?"

"ஆமா டீச்சர். நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்."

"நீ ஒவ்வொரு மூலையா குனிஞ்சு பாத்துப் பாத்து அடிச்ச. எப்பிடிச் சொல்லுவேன்?"

உள்ளே போய் ஒரு தேங்காய்ச் சிரட்டையை எடுத்து வந்து அவன் கையில் வைத்தார். "இதாக்கும் நிறம்."

"அப்ப மாற்றல் கேக்க மாட்டீங்கல்லா?"

"சாயம் அடிச்சா ஆளு வந்துருமா மக்கா? தெரியல. அடி, பாப்போம்" என்றவர், வாசல் வரை வந்தபின் கேட்டார்: "இன்னைக்கு என்ன படிச்ச?"

"குதிரை டீச்சர்."

தன் அறைக்குத் திரும்பியவன் சிரட்டையை நோட்டின் பக்கத்தில் கவிழ்த்து வைத்துவிட்டு எழுதினான்.

"நாளை: காவிப்பொடியும் கரியும் வாங்க வேண்டும். சுண்ணாம்பு சேர்த்தால் வெளிறிவிடும்; சேர்க்கக் கூடாது. கதவோரம் ஒரு முழம் மட்டும் பூசி, காய்ந்தபின் டீச்சரிடம் காட்ட வேண்டும். அதுவரை மீதிச் சுவரைத் தொடக் கூடாது."