முதுகு தெரியாத வகுப்பு

திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே உள்ள அந்த நடுநிலைப் பள்ளியில், ஏழாம் வகுப்பு அனீஸா எதற்கும் தலையாட்டுவாள். "புரிஞ்சுதா?" என்றாலும் ஆட்டுவாள்; "புரியலையா?" என்றாலும் ஆட்டுவாள். காது சரியாகக் கேட்காத அவள் உதடுகளைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிக்கிறாள், பின்னாலிருந்து யார் பேசினாலும் அவளுக்கு அது இல்லாத பேச்சு என்று கயல்விழி டீச்சருக்குப் புரியப் பாதி வருஷம் ஆனது. புரிந்த அன்றே பெஞ்சுகளை வட்டமாகத் திருப்பினாள். கரும்பலகையைப் பார்த்துப் பேசுவதை விட்டாள். பிள்ளைகள் கையைத் தூக்கி, அனீஸாவின் கண் தங்கள் பக்கம் வந்த பிறகுதான் பேச வேண்டும் என்றாள்.

தலைமையாசிரியர் பஞ்சநதத்துக்கு இது பிடிக்கவில்லை. கல்வி அதிகாரி பார்வையிட வருவதற்கு முதல் நாள் சாயங்காலம், ஆள் வைத்து பெஞ்சுகளை வரிசையாக்கினார். காலையில் வந்த கயல்விழி, பையைக்கூட இறக்காமல் முதல் பெஞ்சை இழுத்தாள். பிள்ளைகள் மறுமுனையைப் பிடித்தார்கள். சத்தம் கேட்டு அவர் வந்தார்.

"ஒரு புள்ளைக்காக வகுப்பையே திருப்புவீங்களாம்மா? இன்னிக்கு ஒரு நாள் அவள லைப்ரரில உக்கார வைங்க."

"மாட்டேன் சார்."

"மெமோ குடுக்க வேண்டியிருக்கும்."

"குடுங்க, வாங்கிக்கிறேன். அவ பேரு என் அட்டெண்டன்ஸ்ல இருக்கு. லைப்ரரியில இல்ல."

அதிகாரி அம்சவல்லி வந்தபோது பாசனப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைமடைக்கு ஏன் தண்ணீர் வருவதில்லை என்று கயல்விழி கேட்டிருந்தாள். பிரபு கையைத் தூக்கினான். "அணையில தண்ணி இல்லன்னா எப்படி வரும்?"

அவன் வாயையே பார்த்திருந்த அனீஸா எழுந்தாள். "தப்பு," என்றாள், தேவைக்கு மேல் உரக்க. "இருந்தாலும் எங்க தெருப் பக்கம் வராது. வாய்க்கா ஷட்டரு தொறக்க முடியாம துருப்புடிச்சுக் கெடக்கு."

"போன வருஷம் வந்துச்சே."

"உங்க வயலுக்கு வந்துச்சு."

வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடியது. அம்சவல்லி சற்று நேரம் கேட்டுவிட்டு, "பெஞ்சு ஏன் இப்படிக் கெடக்கு?" என்றார்.

"வரிசையாப் போட்டா அவளுக்கு முதுகுதான் தெரியும் மேடம்."

அவர் ஏதோ குறித்துக்கொண்டு போனார்.

மறுவாரம் தலைமையாசிரியரின் உத்தரவை மீறியதற்காக மெமோ வந்தது. 'மீறினேன். இனியும் மீறுவேன்' என்று அதன் கீழேயே எழுதிக் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுத்தாள் கயல்விழி.

அன்று மத்தியானம் பஞ்சநதம் விடுமுறை அறிவிப்புச் சொல்ல வகுப்புக்கு வந்தார். ஜன்னல் பக்கம் பார்த்தபடி ஆரம்பித்தார். அனீஸாவின் கை உயர்ந்தது.

"சார், உங்க மொகம் தெரியல. இந்தப் பக்கம் திரும்பிப் பேசுங்க."

அவர் கயல்விழியைப் பார்த்தார். பிள்ளைகள் காத்திருந்தார்கள். பஞ்சநதம் தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பி, முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்.