சாபிரின் காலணாவுக்கு வார்னிஷ் அடித்தவன்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. நாணயக் கண்காட்சி நோட்டீசின் பின்பக்கத்துக்கு நாலு வரி எழுதித் தா என்று நண்பன் ஒருவன் கேட்டான். 2007 தீபாவளி சீசன் முடிந்ததும் உட்கார்ந்தேன். 'வருஷத்துக்குக் கீழே டைமண்ட் இருந்தால் பம்பாயில் அடித்த காசு, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், புள்ளி என்றால் நொய்டா, ஒன்றுமே இல்லாவிட்டால் கல்கத்தா.' சரி, அடுத்தது தரம். 'குட்' என்றால் நல்ல காசு என்றுதானே நினைப்பீர்கள்? அது தேய்ந்து நைந்தது. 'ஃபைன்' அதற்குக் கொஞ்சம் மேல். பெயர் வைத்தவனை என்ன சொல்லித் திட்டுவது! யாருமே புழங்காத, மினுமினுப்பு மாறாத காசுதான் உச்சம். அதைத் துடைத்தால்

(நாலு தடவை எழுதிவிட்டேன். இந்த வாக்கியம் முடிய மாட்டேன் என்கிறது.)

2

கதையாகவே எழுதித் தொலைக்கிறேன். சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் ரத்தினசாமி. அவன் பள்ளித் தோழன், விருதுநகர் வத்தல் வியாபாரி சாபிர். நோட்டீசில் படம் போட, சாபிர் தன் 1950 காலணாவை ஒரு சின்ன டப்பாவில் வைத்துக் கொண்டுவருகிறான். டைமண்ட் முத்திரை. புழங்காதது. பதினோரு வருஷம் தேடிக் கிடைத்தது.

(அடிக்குறிப்பு: காலணாவில் ஒரு குதிரை இருக்கும். யாருடைய குதிரை என்று கேட்காதீர்கள், நான் இருக்கிற இருப்பில்.)

"ஓரத்தப் பிடிலே. வெறும் விரல் பட்டாலே போச்சு. ஞாயித்துக்கெளமை வந்து வாங்கிக்கிடுறேன். அடுத்த வாரம் மதுரைல இதுதான் என் மானம்."

விரல் படக்கூடாது என்றால் ரத்தினசாமிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். லேபிளுக்கு அடிக்கிற வார்னிஷை இரண்டு பக்கமும் அடித்தான்.

3

இப்படி ஒரு கூறுகெட்டவன் இருப்பானா? நம்ப முடியாமல் அவனைக் கிழித்துப்போட்டு வேறு ஆளை எழுதினேன். எவனை எழுதினாலும் சிவகாசிக்காரன் வார்னிஷ் டப்பாவைத்தான் தேடுகிறான். அதோடாவது விட்டானா? மஞ்சளடிக்கிறதே என்று தின்னரில் துணியை நனைத்துத் தேய்த்தான். வார்னிஷ் போயிற்று. மினுமினுப்பும் போயிற்று. குதிரை முழுக்கக் கீறல்.

மனைவி சுப்புலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "அவுக உசுரா வச்சிருந்தத இப்பிடிப் பண்ணிட்டீகளே! சொல்லிருங்க."

"கண்காட்சி முடியட்டும்..."

"அங்கன அம்புட்டுப் பேரு முன்னால டப்பாவத் தெறந்து பாக்கணுமாக்கும் அவுக?"

4

முடிவு ஒன்று: டப்பாவை ஒட்டிக் கொடுத்துவிடுகிறான். சாபிர் மதுரையில் திறக்கிறான். எழுதக் கை வரவில்லை.

முடிவு இரண்டு: வேறொரு காலணாவை மாற்றி வைக்கிறான். யாரிடம்? தன் காசின் ஒவ்வொரு புள்ளியும் அறிந்தவனிடமா?

முடிவு மூன்று: சாபிர் சிரித்தபடி தோளில் கைபோட்டு

ச்சே. எனக்குச் சாதகமாக எழுதிக்கொள்ள வெட்கமாக இல்லையா?

5

ரத்தினசாமி என்று யாரும் இல்லை. அச்சகம் என்னுடையது. தேய்த்த கையும் என்னுடையது.

சாபிர், இன்று சனிக்கிழமை. நாளைவரை பொறுக்க முடியாமல் காலை பஸ்ஸில் வந்துவிட்டேன். வாயால் சொல்லத் தைரியமில்லை. அதனால் இந்தத் தாள்களைக் கடைப்பையன் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். காசு என் சட்டைப் பையில் இருக்கிறது. உன் கடைக்கு எதிரே, லாரிப் பக்கம் நிற்கிறேன். திட்டுவதானாலும் சரி, மூஞ்சியில் முழிக்காதே என்பதானாலும் சரி.

படித்துவிட்டாய் என்றால் நிமிர்ந்து பார்.